சாவி சாமி முன்னால் இருக்கிறது

சாவி சாஹிலின் கையில் இருந்தது. பங்கா சுற்றிக்கொண்டிருந்தது.

விஜயராணி இதை இரண்டு கண்ணாலும் பார்த்தாள். அந்தச் சாவியை உலகத்தில் வேறெந்தச் சாவியோடும் குழப்பிக்கொள்ள முடியாது. அடிக்கடி தொலைகிறதே என்று அவளேதான் அதில் ஒரு சிவப்புக் குஞ்சம் கட்டிவிட்டிருந்தாள். அந்தக் குஞ்சம் சாஹிலின் விரலிடுக்கில் தொங்க, விமானத்தின் மூக்கில் இருந்த காற்றாடி, அந்தப் பங்கா, தன்பாட்டுக்குச் சுற்றியது. சத்தம் ஒரு பிடி குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணலாம், அவ்வளவு நேரம். பிறகு சாஹில் பதறிப்போய் உள்ளே குனிந்து சிவப்புக் குமிழைப் பிடித்து இழுத்தான். எஞ்சின் ஒரு முறை செருமிவிட்டு நின்றது.

துடைப்பத்தோடு சுவரோரம் நின்றிருந்த விஜயராணிக்கு அன்றைக்குப் பிடித்தது சனி. சனிக்கிழமையும் அதுதான்.

செம்பூரில் விமானம் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கிற தனியார் கல்லூரி அது. விமானம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் வந்தால் மடியில்தான் உட்கார வேண்டும். பறந்து பல வருடம் ஆயிற்று. இறக்கைகளைப் பாதியில் வெட்டி, சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுத்து, பின்முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள். எஞ்சின் மட்டும் உயிரோடு இருந்தது. சனிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு மாணவர்களுக்காக அதை ஓட்டிக் காட்டுவார்கள். அதுவும் நாலே நிமிடம். ஐந்தாவது நிமிடம் பக்கத்துக் குடியிருப்புச் சொசைட்டியின் செக்ரெட்டரி, வீட்டில் கைக்குழந்தை தூங்குகிறது என்று கேட்டுக்கு வந்துவிடுவார். ஆறு வருடமாக அந்தக் குழந்தை கைக்குழந்தையாகவே இருக்கிறது.

அன்றைக்கு மனிதர் மூன்றாவது நிமிடமே வந்துவிட்டார். எஞ்சினை ஓட்டிக் காட்டுகிற கௌசிக் ஸார், பக்கத்தில் நின்ற சாஹிலிடம் "சிவப்பை இழுத்து நிறுத்திடு" என்று சொல்லிவிட்டு, அவரைச் சமாதானப்படுத்த ஓடினார். சாஹில் தினமும் குர்லாவிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவன். கை பழகியதைத்தானே செய்யும்? சாவியைத் திருப்பினான், உருவினான். உருவிய பிறகுதான் பங்கா இன்னும் ஓடுவதைப் பார்த்தான்.

கௌசிக் ஸார் திரும்பி வந்தபோது எல்லாம் அடங்கிக் கிடந்தது. சாஹிலும் வாயைத் திறக்கவில்லை. அவர் போனதும் விஜயராணி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ சாஹில், சாவி ஒங்கிட்ட இருக்கையில பங்கா எப்பிடி ஓடிச்சு?"

"மௌசி, ஜானே தோ நா," என்றான் அவன். விட்டுவிடேன் என்று கெஞ்சினான். "ஸாருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவார்."

விட்டுவிடுகிற ஆளா விஜயராணி? ஒரு கேள்வி வந்துவிட்டால் அவளுக்கு அது தொண்டையில் மாட்டிய மீன் முள். சோற்றை உருட்டி விழுங்கினாலும் போகாது. கூட்டிப் பெருக்குகிறவளுக்கு எதற்கு இந்தக் கேள்வியெல்லாம் என்று கேட்டவர்கள் உண்டு. கேள்விக்கும் துடைப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் திருப்பிக் கேட்டதும் உண்டு.

அன்று சாயங்காலம் தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற தன் வீட்டில், ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த புருஷன் நம்பிராஜனிடம் கேட்டாள்.

"இங்கேருங்க. ஒங்க வண்டில சாவிய உருவிட்டா ஓடுமா?"

"ஏட்டி, ஒனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? சாவி இல்லாம எந்த வண்டிட்டி ஓடும்?"

"ஏரோப்ளேன் ஓடிச்சு. நான் பாத்தேன்."

நம்பிராஜன் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். இருபது வருடம் ஆட்டோ ஓட்டுகிறவர். தெரியாது என்று சொன்னால் மரியாதை என்னாவது? "பழைய எஞ்சின்லா. சூடேறி இருந்தா ரெண்டு சுத்து சும்மாவே சுத்தும். அதுக்குப் போயி..." என்றார்.

மறுநாள், கல்லூரியில் ஸ்டோர் பார்க்கிற சுரேந்திரனைத் தெருவில் பிடித்துக் கேட்டாள். அவனும் தாராவிக்காரன்தான், அவளைவிடப் பத்து வயது சின்னவன், உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் இன்னும் பிறக்கவில்லை. "அக்கா, வீட்ல ஃபேன் சுவிச்ச அமத்துனா ஒடனே நிக்கா? வேகத்துல கொஞ்ச நேரம் சுத்தும்லா. அதான்."

அது நியாயமாகப்பட்டது. ஆனால் வீட்டு ஃபேன் நிற்கும்போது சத்தம் தேய்ந்துகொண்டே போகும். இது தேயவில்லை. உள்ளே வெடித்துக்கொண்டிருந்ததை அவள் தன் காதாலேயே கேட்டாள். கௌசிக் ஸாரைக் கேட்டால் தெரியும். அவரோ திங்கள் முதல் வியாழன் வரை நெருளில் ஒரு கல்லூரிக்குப் பரீட்சை மேற்பார்வைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை ஆயுதபூஜைக்குத்தான் வருவார். போன் போட்டுக் கேட்கிற கேள்வியா இது? முள்ளோடு காத்திருந்தாள்.

ஆயுதபூஜை அந்தக் கல்லூரியில் பெரிய விசேஷம். நிர்வாகம் பார்க்கிற நாணு ஸார் பாலக்காட்டு மனிதர், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். மராட்டிக்காரப் பிள்ளைகள் தசராவுக்கு லீவு கேட்டால் கொடுத்துவிடுவார். நவமிக்கு மட்டும் எல்லாரும் வந்தாக வேண்டும். அஷ்டமி சாயங்காலமே சரஸ்வதி படத்துக்கு முன்னால் சிவப்புத் துணி விரித்து, கல்லூரியில் உள்ள அத்தனை ஸ்பேனரும், ஸ்க்ரூடிரைவரும், மீட்டரும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட வேண்டும். தசமி காலைவரைக்கும் அதில் ஒன்றைக்கூட யாரும் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சரஸ்வதியின் காலடியில், குஞ்சம் கட்டிய அந்தச் சாவி.

விமானத்துக்கும் பூஜை உண்டு. அதில் விஜயராணிக்கு ஒரு தனி வேலை இருந்தது. பங்கா எப்போதும் கோணலாகத்தான் நிற்கும். பூஜைக்கு அது வேல் மாதிரி செங்குத்தாக நிற்க வேண்டும், அப்போதுதான் மாலை சரியாக உட்காரும் என்பது நாணு ஸாரின் சட்டம். பங்காவைத் தொடாதே என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு மட்டும் பரவாயில்லை. சாவிதான் சாமி முன்னால் இருக்கிறதே!

ஆறு வருடமாக இந்த வேலை அவளுடையது. பங்காவின் தகட்டை இரண்டு கையாலும் அணைத்து, தோளைக் கொடுத்து மெதுவாகத் தள்ளுவாள். நேராக வருகிற சமயத்தில் உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், விரலில் சொடக்கு எடுத்த மாதிரி. பல்லி சொன்னதுபோல அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வாள். "சரிம்மா" என்று அதற்குப் பதிலும் சொல்லிவிட்டுத்தான் சந்தனம் வைப்பாள்.

வியாழக்கிழமை முழுக்கச் சுத்தம் செய்கிற வேலை. இந்த வருடம் விமானத்துக்கு உள்ளேயும் துடைக்கச் சொன்னார் நாணு ஸார். முதல்முறையாக அந்தச் சின்ன இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது விஜயராணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கண்ணாடி முட்கள், சுவிட்சுகள், குமிழ்கள் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தாள். கருப்புக் குமிழும் சிவப்புக் குமிழும் வெளியே துருத்திக்கொண்டு பார்க்கவே அசிங்கமாக இருந்தன. இரண்டையும் உள்ளே தள்ளி வரிசையாக்கினாள். இடது கோடியில் சின்னதாக இன்னொரு குமிழ். லேசாகத் திருகினால் வெளியே வந்தது. அதன் தண்டில் அழுக்கு. இழுத்துத் துடைத்தாள், தள்ளினாள். ஹோலிக்குத் தண்ணீர் பீச்சுகிற பிச்காரி மாதிரி ஒரு இறுக்கம். அந்த இறுக்கம் வேடிக்கையாக இருக்கவே, இன்னும் நாலைந்து முறை இழுத்துத் தள்ளினாள். பெட்ரோல் வாடை லேசாக வந்தது. பழைய வண்டி என்றால் வாடை வராமலா இருக்கும் என்று இறங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு கௌசிக் ஸார் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கல்லூரியில் சேர்ந்து பதினொரு மாதம், ஆகவே அவருக்கு இது இங்கே முதல் ஆயுதபூஜை. கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி வாங்கிய செண்டுப்பூ மாலைகளும் மாவிலையும் கை நிறைய. நாணு ஸார் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு ராகுகாலம்.

"விஜயராணி, பங்காவை நேராக்கும். கௌசிக், நீ தோரணத்தைக் கட்டு. சீக்கிரம்!"

கௌசிக் ஸார் ஸ்டூலில் ஏறி, விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முற்றத்து ஷெட்டின் தூணில் மாவிலை கட்ட ஆரம்பித்தார். நாலடி தள்ளி விஜயராணி முந்தானையைச் செருகிக்கொண்டு பங்காவை அணைத்துத் தோளைக் கொடுத்தாள். இனி மாணவர்கள் வந்துவிடுவார்கள், பிறகு கேட்க முடியாது. முள் உறுத்தியது.

"ஸார், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கோ," என்றார் அவர், திரும்பாமலே.

"வண்டிய நிப்பாட்டணும்னா எல்லாரும் சாவியத்தான திருப்புவாவ. நீங்க மட்டும் ஏன் செவப்ப இழுத்து நிப்பாட்டிட்டு, சாவியக் கடைசில திருப்புதிய?"

கௌசிக் ஸாருக்குச் சந்தோஷம் பொங்கியது. பதினொரு மாதமாக ஒரு மாணவன் இதைக் கேட்கவில்லை. எழுதிப் போட்டதை மனப்பாடம் செய்தார்களே தவிர, ஏன் என்று ஒரு வாய் திறக்கவில்லை.

"சிவப்பை இழுத்தா பெட்ரோல் வரது நின்னுடும். உள்ளே இருக்கறதைக் கடைசிச் சொட்டு வரை எரிச்சுட்டு, பட்டினியா நிக்கும். சாவியைத் திருப்பி நிறுத்தினா பாதிச் சாப்பாட்டை வயத்துல வெச்சுண்டு தூங்கற மாதிரி. யாராவது உலுக்கினா எழுந்துக்கும்."

"அப்பம் சாவிக்கு என்ன சோலி?"

"அதுதான் வேடிக்கை! உங்காத்து ஆட்டோல சாவியை மூடினா கரண்ட் போயிடும், வண்டி நின்னுடும். இதுக்கு அந்தக் கரண்டே வேண்டாம். பாட்டரியைக் கழட்டி எறிஞ்சாக்கூட, பங்கா அசைஞ்சாப் போதும், உள்ளே மாக்னெட்டோன்னு ஒண்ணு தானாப் பொறி உண்டாக்கிக்கும். ரெண்டு இருக்கு. ஆகாசத்துல ஒண்ணு படுத்துண்டா இன்னொண்ணு காப்பாத்தும். சாவி என்ன பண்றதுன்னா, ஒரு ஒயரால அந்த ரெண்டையும் பிடிச்சு எஞ்சின் உடம்போட கட்டிப் போடறது. கட்டி இருந்தா பொறி வராது."

விஜயராணி தகட்டை அணைத்தபடியே இதை மனசுக்குள் ஒரு முறை உருட்டிப் பார்த்தாள். "அப்பம் அவுத்து விடுததுக்குச் சாவி இல்ல. கட்டிப் போடுததுக்குத்தான் சாவி."

"பிரமாதம்! அப்படித்தான் எழுதிப் போடப்போறேன்."

"அந்தக் கயிறு அத்துட்டுன்னா?"

"அறுந்துட்டா நீங்க சாவியை எந்தப் பக்கம் திருப்பினா என்ன? திரும்பும், ஆஃப்னு காட்டும், ஆனா அங்கே மாடு அவுந்துதான் நிக்கும். அதுக்குத்தான் நிறுத்தறதுக்கு முன்னாடி, மெதுவா ஓடறச்சே, ஒரு க்ஷணம் சாவியை ஆஃப்ல வெச்சுப் பார்க்கணும். விக்கி நிக்கப் போனா கயிறு இருக்குன்னு அர்த்தம். உடனே பழையபடி வெச்சுட்டு, அப்புறம் சிவப்பை இழுக்கணும்." மாவிலை கட்டுகிற கை கொஞ்சம் மெதுவாயிற்று. "நாமதான் அதைப் பண்றதில்லை. செக்ரெட்டரி குடுக்கற நாலு நிமிஷத்துல எங்கே பண்றது?"

விஜயராணியின் தோள் தகட்டில் இருந்தது. பங்கா கொஞ்சம் அசைந்து கொடுத்திருந்தது. இன்னும் கையகலம் தள்ளினால் நேராகிவிடும்.

"ஸார், கயிறு அந்து கெடந்தா, சாவிய உருவிக் கைல வச்சிருந்தாலும் ஓடுமா?"

"ஓடும்."

"சத்தம் ஒரு பிடி கொறஞ்சி? ஆனா நிக்காம?"

"ஆமாம், ஒண்ணு கட்டுப்பட்டு இன்னொண்ணு மட்டும்..." தோரணம் அப்படியே நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும் அது?"

"போன சனிக்கெழம நீங்க கேட்டுக்குப் போனியள்லா. சாஹில் சாவிய உருவிட்டான். நாலு எண்ணுத வரைக்கும் ஓடிச்சு ஸார்."

கௌசிக் ஸார் ஸ்டூலில் நின்றபடியே திரும்பினார். திரும்பியவர் அவள் எங்கே நிற்கிறாள் என்பதைப் பார்த்தார். கன்னம் தகட்டில் பட, பெற்ற பிள்ளையைத் தழுவுவதுபோல அவள் பங்காவைத் தழுவிக்கொண்டு நின்றாள்.

"கையை எடுங்கோ," என்றார். கத்தவில்லை, கத்தினால் பயந்து தள்ளிவிடுவாளோ என்று பயம். "மெதுவா. தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். விட்டுட்டுப் பக்கவாட்டுல வாங்கோ."

விஜயராணி கையை எடுத்தாள். பக்கவாட்டில் நகர்ந்து வந்து, சுவரில் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

நாணு ஸார் வந்துவிட்டார். பின்னாலேயே சுரேந்திரனும், பூஜைக்கு வந்த மாணவர் கூட்டமும். கௌசிக் ஸார் விஷயத்தைச் சொன்னார். நாணு ஸாருக்குக் கோபம்தான் வந்தது.

"என்ன பேசறாய்? சாவி சரஸ்வதி காலடியில இருக்கு. அதுக்கு மேல என்ன காவல் வேணும்?"

"அம்பாளுக்கு அது தெரியும் ஸார். ஒயருக்குத் தெரியாதே!"

"ஆறு வருஷமாத் திருப்பற பங்காவாக்கும் இது."

"ஆறு வருசமாத் திருப்புத பங்கா இன்னைக்குக் கடிச்சிருமோ?" என்று சட்டைக்கையை மடித்துக்கொண்டு கிளம்பினான் சுரேந்திரன். "தள்ளுங்கக்கா, நான் திருப்புதேன்."

விஜயராணி அவனுக்கும் பங்காவுக்கும் நடுவில் போய் நின்றாள். கையில் துடைப்பம் இருந்தது. "ஏலே சுரேந்திரா, அதுல கைய வச்சே, தொடப்பத்தாலயே அடிச்சிருவேன். சாஹில்! இங்க வா. ஸார்கிட்டச் சொல்லு, ஓடிச்சா இல்லையா?"

சாஹில் தலையைக் குனிந்துகொண்டு, "ஓடிச்சு ஸர். ஸ்கூட்டர் நெனப்புல... கலதி ஹோ கயி, தப்பாப் போச்சு," என்றான்.

அதற்குப் பிறகும் முகங்களில் பாதிச் சிரிப்பு இருந்தது. சாவி இல்லாமல் எஞ்சின் கிளம்பும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இன்றைக்கு வேலி போட்டுத் தடுத்தாலும், இன்னொரு நாள் யாராவது ஒருவன் வீம்புக்குத் தொட்டுப் பார்ப்பான். கௌசிக் ஸாருக்கு இது தெரிந்தது. "ஒரு மீட்டர் இருந்தாப் போதும். ரெண்டு நிமிஷத்துல காட்டிடுவேன்," என்றார்.

மீட்டர் சிவப்புத் துணியில் சந்தனப் பொட்டோடு படுத்திருந்தது.

"பூஜையில வெச்சதை எடுக்கப்படாது," என்றார் நாணு ஸார். கௌசிக் ஸார் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றார். அவர் வளர்ந்த வீட்டிலும் அதுதான் சட்டம்; நவமியன்று பென்சிலைத் தொட்டாலே அம்மா அதட்டுவாள். படித்த படிப்பு ஒரு பக்கம் இழுத்தது, வளர்ந்த வளர்ப்பு இன்னொரு பக்கம் இழுத்தது.

விஜயராணி துடைப்பத்தைச் சாஹிலிடம் கொடுத்தாள். படத்துக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வச்சது நான்தான தாயி. எடுக்கதும் நானே. பாவம்னா என் தலையில விழட்டும்," என்று சொல்லிவிட்டு மீட்டரை எடுத்தாள். ஒரு ஸ்பேனரையும் சேர்த்தே எடுத்தாள். கௌசிக் ஸாரிடம் நீட்டினாள்.

நாணு ஸார் "சிவ சிவா" என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கௌசிக் ஸார் முதலில் விமானத்தின் உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் வெளியே வரச் சற்று நேரம் பிடித்தது.

"சிவப்பை யார் உள்ளே தள்ளினா?"

விஜயராணி வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினாள். "நான்தான் ஸார். வரிசையா இருக்கட்டுமேன்னு."

"இந்தக் கோடியில இருக்கற சின்னது?"

"தொடச்சேன். நாலஞ்சு வாட்டி இழுத்து இழுத்துத் தள்ளுனேன். பிச்காரி மாதிரி இருந்துச்சு."

"அது பிச்காரியேதான்," என்றார் கௌசிக் ஸார். "ஒவ்வொரு வாட்டியும் பெட்ரோலை நேரா எஞ்சின் வாயில பீச்சும். குளிர் நாள்ல கிளப்பறதுக்கு நாங்க இதைத்தான் பண்ணுவோம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலையாக இருந்திருக்கும். பட்டினி போட்டுத் தூங்கவைத்திருந்த மிருகத்துக்கு அவள் நேற்று உட்கார்ந்து ஊட்டிவிட்டிருக்கிறாள். ஊட்டிவிட்டு, காலையில் வந்து கன்னத்தை வைத்துக் கட்டிப்பிடித்திருக்கிறாள். கேள்வி வாயில் வராமல் போயிருந்தால், ராகுகாலத்துக்கு முன்னால் மாலை போட்டாக வேண்டும் என்று அவளும் பேசாமல் தள்ளியிருந்தால்!

கௌசிக் ஸார் எல்லாரையும் பத்தடி பின்னால் அனுப்பிவிட்டு, எஞ்சின் மூடியைக் கழற்றினார். வலது மாக்னெட்டோவிலிருந்து வரும் ஒயரை அவிழ்த்து மீட்டரை வைத்தார். 'கீ' என்று கத்தியது. சாவி மூடியிருக்கிறது, கயிறு கட்டியிருக்கிறது. இடது பக்கம் வைத்தார். மீட்டர் ஊமையாக இருந்தது. மறுபடி வைத்தார். ஊமை. ஒயர் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தார். ரப்பர் உறைக்குள்ளிருந்து ஒரு துண்டு தனியாகக் கையோடு வந்தது. அறுந்த முனையில் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

சுரேந்திரன் மடித்த சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"கொஞ்சம் இருங்கோ. இதையும் பார்த்துடலாம்," என்றார் கௌசிக் ஸார். இப்போது அவருக்கே ஒரு வேகம் பிடித்துவிட்டது. சிவப்புத் துணியிலிருந்து இன்னொரு ஸ்பேனர் வந்தது. முதல் தடவை தாண்டுவதற்குத்தான் தயக்கம். எஞ்சினின் எட்டு பிளக்கையும் பொறுமையாகக் கழற்றினார். துளைகளின் வழியே பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. அது ஆறட்டும் என்று கால் மணி நேரம் ஃபேன் வைத்தார். ராகுகாலம் பிறந்துவிட்டது, நாணு ஸார் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கடைசியில் ஒரே ஒரு பிளக்கை மட்டும் அதன் ஒயரில் மாட்டி, துளைகளை விட்டுத் தள்ளி, இரும்புச் சட்டத்தின்மேல் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி கிடத்தினார்.

"விஜயராணிம்மா, இப்போ திருப்புங்கோ. பிளக் இல்லாத எஞ்சின் வெடிக்க வழியே இல்லை. இப்போ இது வெறும் பங்கா."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. ஆறு நாளாக உறுத்துகிற முள்ளாயிற்றே. இரண்டு கையாலும் தகட்டைப் பிடித்தாள். இந்தமுறை கன்னத்தை வைக்கவில்லை. உள்ளே அடைபட்ட காற்றின் எதிர்ப்பு இல்லாததால் பங்கா வழுக்கிக்கொண்டு வந்தது. நேராகிற சமயம் அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

அதே நொடியில் இரும்புச் சட்டத்தின்மேல், பிளக்கின் நுனியில், நீலமாக ஒரு பொறி சொடுக்கி மறைந்தது.

சரஸ்வதியின் காலடியில் சாவி அசையாமல் கிடந்தது, குஞ்சத்தில் சந்தனம் காய்ந்திருந்தது. நாணு ஸார் நாற்காலியிலிருந்து எழுந்து, சாவியைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், மறுபடி சாவியைப் பார்த்தார்.

"இந்த டக்கு எனக்குத் தெரியும் ஸார்," என்றாள் விஜயராணி. "வருசா வருசம் கேட்டிருக்கேன். போன வருசமும் கேட்டுச்சு. நல்ல சகுனம்னு நெனச்சேன்."

"அது அந்த மாக்னெட்டோவோட சத்தம். மெதுவாத் திருப்பறச்சே ஸ்பிரிங்கை இழுத்துண்டு வந்து விடும். அப்பதான் பொறி விழும்."

"போன வருசம் கயிறு இருந்திருக்குமா?"

கௌசிக் ஸார் அறுந்த ஒயரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்லிவிடலாமா என்று அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. "இந்தப் பச்சை ஒரு வருஷத்துப் பச்சையாத் தெரியலை. அதுக்கும் பழசு," என்றார்.

போன வருடமும் இதே பொறி விழுந்திருக்கிறது. அவளும் "சரிம்மா" என்று பதில் சொல்லியிருக்கிறாள். யாரோ ஒரு பழைய ஸார், பேர்கூட ஞாபகமில்லை, அதற்கு முந்தின சனிக்கிழமை மறக்காமல் சிவப்பை இழுத்து நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே எரிவதற்கு ஒரு சொட்டு இல்லை. அவ்வளவுதான் விஷயம். அவளுடைய இரண்டு கையும் இன்றைக்கு இருப்பது அதனால்தான்.

"இனிமே பத்து நிமிஷம் ஓட்டணும் ஸார். சாவியைச் சோதிச்சுப் பார்க்காம நிறுத்த மாட்டேன்," என்றார் கௌசிக்.

"செக்ரெட்டரிகிட்ட நான் பேசிக்கறேன்," என்றார் நாணு ஸார். பிறகு, "பூஜையை ஆரம்பிக்கலாமா? பங்காதான் நேரா நிக்கறதே. பொட்டு வெச்சு மாலையைப் போடும், விஜயராணி," என்றார்.

விஜயராணி சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். பங்காவைத் தாண்டி நடந்தாள். விமானத்தின் உள்ளே குனிந்து, சிவப்புக் குமிழைப் பிடித்து, இதற்கு மேல் வராது என்கிற வரை வெளியே இழுத்தாள். அதன் தலையில் முதல் பொட்டை வைத்தாள்.